மனஸ்தாபம் உள்ளவருக்கு

கேள்விப் பெட்டியில் விழும் சீட்டுகளில் பாதிக்கு மேல் எழுத்துப் பிழை இருக்கும். நான் திருத்துவதில்லை. கேட்டவர் எப்படிக் கேட்டாரோ அப்படியே அச்சாக வேண்டும் என்று நினைப்பவன் நான். பிழையால் ஒன்றும் கெட்டுவிடாது. இந்தக் காரியம் முழுவதும் சரியாக எழுதப்பட்ட ஒரு சொல்லால்தான் நடந்தது.

எங்கள் கோயிலில் மாதந்தோறும் கொடுக்கும் பங்கு மடலின் கடைசிப் பக்கத்தில் வரும் கேள்வி பதில், ஃபாதர் அந்தோணிசாமியின் பெயரில் வருகிறது. அதை எழுதுவது அவர் இல்லை. நான்கு வருடங்களாக நான் எழுதுகிறேன். அவருக்கு முழங்கால் வலி. பாகூரைச் சுற்றி மூன்று கிளைக் கோயில்கள். "நீ படிச்சவன், எழுதிடுப்பா. நான் ஒரு பார்வ பாத்துடுறேன்" என்றார். முதல் மாதம் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. இந்த மாதமும் பார்க்க மாட்டார். அதனால்தான் இது உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

என் பெயர் அன்புராஜ். வயது முப்பத்தொன்று. கல்லூரியில் வேதியியல் படித்தேன். தவளக்குப்பம் சந்திப்பில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். என் அப்பா கோயிலில் வேதம் கற்றுக்கொடுக்கும் உபதேசியாராக இருந்தவர். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் பழைய ஜெபப் புத்தகத்தை வைத்துத்தான் ஜெபம் சொல்வோம். அதிலுள்ள சொற்கள் எனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே வந்தவை.

கேள்விகள் பெரும்பாலும் எளியவை. பெரிய வெள்ளிக்கிழமை நண்டு சாப்பிடலாமா? மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் மேல் தீர்த்தம் தெளிக்கலாமா? ஒரு பெண் இப்படி எழுதியிருந்தார்: "மாமியாரை எத்தினி வாட்டி மன்னிக்கணும்? ஏசு சொன்ன எழுபது தடவ ஏழுன்னா நான் போன வருசமே தாண்டிட்டேன்."

அந்தச் சீட்டை என் மனைவி ஜெயசித்ரா ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். தன் கைபேசியில் என் எண்ணை 'சாமியாரு' என்று பதிந்து வைத்திருந்தாள். நான் எழுதிக்கொண்டிருந்தால் சமையலறையிலிருந்து குரல் வரும். "சாமியாரே, சோத்துக்கு வர்றியா, இல்ல ஊர்ப் பாவத்தயெல்லாம் கழுவிட்டுத்தான் வருவியா?"

போன வருடம் நவம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மழையில் அவள் இறந்தாள். அன்று பஸ்ஸில் வந்து கன்னியக்கோயில் நிறுத்தத்தில் இறங்கினாள். அங்கிருந்து எங்கள் வீடு இரண்டு கிலோமீட்டர். நடந்து வந்தவளை ஏதோ ஒரு வண்டி மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. கரும்புத் தோட்டத்தின் ஓரத்தில் கிடந்தாள். ஏழு இருபதுக்குப் பால்காரர் ஒருவர் பார்த்தார். அரை மணி நேரம் முன்னால் கொண்டு வந்திருந்தால், என்று மருத்துவர் ஆரம்பித்தார். அவள் சாப்பாட்டுப் பையின் கொக்கியில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. வண்டி கிடைக்கவில்லை. இன்று வரைக்கும் கிடைக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசையில் ஃபாதர் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். யாரென்று தெரியாத அந்த ஓட்டுநரை நான் மன்னித்துவிட்டேன் என்று மைக்கில் சொன்னேன். பெண்கள் அழுதார்கள். இப்போதும் என்னைக் காட்டி, "அந்தப் பிள்ளைக்கு எவ்ளோ பெரிய மனசு" என்கிறார்கள். மைக்கில் மன்னிப்பது கடினம் இல்லை. எதிரில் ஆள் இருக்காது.

பிப்ரவரியில், தவக்காலம் தொடங்கிய வாரம், பெட்டியில் ஒரு சீட்டு கிடந்தது.

"அந்தப் பொண்ணு விசயத்துல எனக்கு மனஸ்தாபம். அது ரோட்ல அடிபட்டு செத்துப் போச்சி. எனக்கு மன்னிப்பு கெடைக்குமா."

காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் கம்பெனி வேனின் ட்ரிப் ஷீட். பெண்களைச் சேதராப்பட்டுக்கு ஏற்றிப் போகும் வேன். அதை ஓட்டுபவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் ஆரோக்கியம் அண்ணன். வேனின் நிறம் வெள்ளை.

எங்கள் ஜெபப் புத்தகத்தில் உத்தம மனஸ்தாப மந்திரம் என்று ஒன்று உண்டு. செய்த பாவத்தை நினைத்து நெஞ்சில் அடித்துக்கொண்டு சொல்வது. எனக்கு மனஸ்தாபம் என்றால் அதுதான். பாவம் செய்தவனின் துக்கம். சீட்டை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அது ஒன்றைத்தான் சொன்னது. இவர்தான் அடித்துவிட்டுப் போனவர், இப்போது வருந்துகிறார், மன்னிப்புக் கேட்கிறார்.

வெளியில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். இரண்டு பேர் சண்டை போட்டுப் பேசாமல் இருந்தால் மனஸ்தாபம் என்பார்கள். ஆரோக்கியம் அண்ணன் பிறப்பால் நம் சபை இல்லை. சிங்காரவேலுவாக இருந்து, ரோசம்மாள் அக்காவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் பெற்று ஆரோக்கியம் ஆனவர். ஜெபங்களை அவர் முழுதாக மனப்பாடம் செய்ததே இல்லை. கோயிலில் மற்றவர்களைப் பார்த்து வாயசைப்பார். இது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்று அது என் நினைவுக்கு வரவில்லை.

காவல் நிலையத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. என்னிடம் இருந்தது ஒரு சீட்டு மட்டும். கேள்வி கேட்டவருக்குப் பதில் எழுதுவதுதான் என் வேலை. எழுதினேன்.

"மனஸ்தாபம் இருப்பது நல்லது. அதைப் போக்கிக்கொள்ள அவசரப்படாதீர்கள். அது உங்களுக்குள் இரவும் பகலும் இருக்கட்டும். மன்னிப்பைப் பற்றிப் பிறகு பேசலாம்."

ஏப்ரலில் இரண்டாவது சீட்டு வந்தது. அதே ட்ரிப் ஷீட், அதே அழுத்தமான பேனா.

"மனஸ்தாபம் நல்லதுன்னு போட்டிருக்கீங்க. எனக்கு ஒண்ணும் புரியல. எனக்கு அது போவணும் சாமி. செத்தவங்ககிட்ட எப்படிப் போயி கேக்குறது."

இதைப் படித்தபோதே நான் நிறுத்தியிருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். எனக்குக் கோபம்தான் வந்தது. பெரிய கோபம் இல்லை. தேள் கொட்டிய இடம் வலி அடங்கியபின் மரத்துப் போகுமே, அப்படி. அவளைச் சாலையில் போட்டுவிட்டுப் போனவருக்கு இப்போது அந்த வருத்தம்கூட வேண்டாமாம் என்று எடுத்துக்கொண்டேன்.

பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு. மத்தேயு ஐந்தாம் அதிகாரம். இதை எடுத்துப் போட்டு, கீழே ஒரு வரி சேர்த்தேன். "ஒப்புரவாகும் வரை நன்மை வாங்க வர வேண்டாம்."

வேத வசனத்தில் நான் எதையும் மாற்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கும் வரிசையில் ஆரோக்கியம் அண்ணன் இல்லை. ரோசம்மாள் அக்காவும் மகள் ஜோஸ்பினும் போனார்கள். அவர் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த வாரம் கோயிலுக்குள்ளேயே வரவில்லை. வெளியே கொடிமரத்தின் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மே மாதத்து வெயில். பூசை முடியும் வரைக்கும் கால் மாற்றி மாற்றி நின்றார். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். ஜெயசித்ரா போன பிறகு எனக்கு நிம்மதி என்று ஏதாவது இருந்திருந்தால், அது அந்த ஒரு மணி நேரம்தான்.

ஜூன் மாதம் மூன்றாவது சீட்டு. இதுதான் நீளமானது.

"என் வேன்ல வந்துக்கினு இருந்த பொண்ணு அது. நான் குடிச்சிட்டு ஓட்டறன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடிச்சி. மூணு நாளு வேல போச்சி. அந்த கோவத்துல அது நிக்கிற ஸ்டாப்புல வேன நிறுத்த மாட்டேன்னுட்டேன். மூணு மாசமா பேசல. அவ்ளோதான் மனஸ்தாபம். ஏத்தியிருந்தா அது ரோட்ல நடந்து வந்திருக்காது. அது மொகம் கண்ணுலயே நிக்கிது. நான் எப்ப நன்மை வாங்கலாம் சாமி."

அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. இதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். புரியாமல் செய்தது முதல் இரண்டு பதில்கள் மட்டும்.

வேன் விஷயம் எனக்குத் தெரியாததும் இல்லை. அவள் இறந்த அன்று காலையில்கூட அதைப் பற்றித்தான் பேசினோம்.

"நீ போயி அந்தண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொல்லேன். ரெண்டு பஸ்ஸு மாறி வர முடியல என்னால" என்றாள்.

"நீ இழுத்த வம்பு. நீயே பாத்துக்க."

"ஊருக்கெல்லாம் சமாதானம் எழுதுற. பொண்டாட்டிக்கு ஒரு சமாதானம் பேச மாட்ட."

அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

சீட்டைப் படித்த மறுநாள், அதே வேனில் வேலைக்குப் போகும் செல்வகுமாரியைக் கேட்டேன். அந்த வெள்ளிக்கிழமை வேன் எத்தனை மணிக்கு வந்தது என்று. அவள் உடனே சொன்னாள். "அன்னிக்கா? வில்லியனூர்ல பஞ்சர்ணா. எட்டு மணி வரிக்கும் டீக்கடையில குந்திக்கினு இருந்தோம், பதினோரு பேரும். ஆரோக்கியண்ணன் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் குடுத்துச்சி. வூட்டுக்கு வந்தப்புறந்தான் சித்ரா விசயமே தெரியும்." நவம்பரிலேயே கேட்டிருந்தால் நவம்பரிலேயே சொல்லியிருப்பாள்.

ஆக, மோதியவர் அவர் இல்லை. அன்று அவர் வேறு ஊரில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே அவர் என் கடைக்கு வந்தார். ஓட்டுநர் உரிமத்தை ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்றார். இளைத்திருந்தார். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. உரிமத்தில் இருந்த படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னவிட இந்த ஆளு நல்லா இருக்கான் இல்ல தம்பி?"

"அது பழைய படம்ணே."

"ஆமா. அப்ப குடிச்சிக்கினு இருந்தேன், நல்லா இருந்தேன். இப்ப வுட்டுட்டேன், பாரு." கொஞ்ச நேரம் இயந்திரத்தின் வெளிச்சம் போய் வருவதைப் பார்த்தார். "மடல்ல வர்ற பதிலெல்லாம் ஃபாதரே எழுதுறதா?"

"ஃபாதர்தான்."

"நீ டைப்பு மட்டும் அடிக்கிற."

"டைப்பு மட்டும்தான்."

"நல்லா எழுதுறாரு. கண்டிப்பா எழுதுறாரு." காகிதத்தை வாங்கி நான்காக மடித்தார். பிறகு பிரித்தார். "தம்பி, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா…"

"கேளுங்கண்ணே."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். இறந்தவளுக்காக அவளுடைய கணவனிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறார். நான் 'பரவால்லண்ணே' என்று சொன்னால் போதும், அவர் கொடிமரத்திலிருந்து கோயிலுக்குள் வந்துவிடுவார். ஒரு சொல். நான் காத்திருந்தேன். முகத்தில் எதையும் காட்டாமல் காத்திருந்தேன். அவரால் அந்த முகத்தைத் தாண்டி வர முடியவில்லை.

"ஒண்ணுமில்ல. பின்பக்கமும் எடுத்துக் குடு" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன்.

அன்று மாலை மூன்றாவது பதிலை எழுதினேன். ஏன் எழுதினேன் என்று யோசித்திருக்கிறேன். ஒரு வாய்த்தகராறுக்காக அவளை ஏற்றாமல் விட்டவருக்கு இவ்வளவு எளிதாக மன்னிப்புக் கிடைத்துவிட்டால், வரிசையில் அடுத்தது யார் என்ற கேள்வி வரும். அது தேவையில்லாத கேள்வி. ஒருவர் குற்றவாளியாக இருக்கும் வரைக்கும் மற்றவர்கள் உட்கார்ந்திருக்கலாம். என்னால் சொல்ல முடிந்த காரணம் இதுதான்.

"இறந்தவரோடு ஒப்புரவாக முடியாது என்று யார் சொன்னது? அவர் எங்கே இருக்கிறார் என்று நமக்குத் தெரியும். அவர் நம்மிடம் வர மாட்டார். ஒப்புரவாக விரும்புகிறவர்தான் அவர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அன்புள்ளவர் தயங்குவதில்லை."

நான்கு முறை திருத்தினேன். 'அன்புள்ளவர் தயங்குவதில்லை' என்பது கடைசியாகச் சேர்த்தது. எங்கும் எந்தத் தவறான வார்த்தையும் இல்லாதபடி பார்த்துக்கொண்டேன். யார் படித்தாலும் அது கல்லறைக்குப் போய் ஜெபிப்பதைப் பற்றியது என்றுதான் நினைப்பார்கள். யாருக்காக எழுதினேனோ அவர் ஒருவர் மட்டும் வேறு விதமாகப் படிப்பார்.

மடல் வெளியான பதினோராம் நாள் காலையில் ஆரோக்கியம் அண்ணனைப் பாகூர் ஏரியில் கண்டார்கள். கரையில் செருப்பை ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தார், கொடிமரத்தின் பக்கத்தில் வைப்பது போல.

இறப்பு அறிவிப்பை நான்தான் டைப் செய்தேன். அடக்கத்துக்குப் பெட்டி தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஃபாதர் முறைப்படி பூசை வைத்தார். தற்கொலை செய்தவருக்குப் பூசையா என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன்.

பதினாறாம் நாள் முடிந்து ரோசம்மாள் அக்கா கடைக்கு வந்தார். கையில் மூன்று காகிதங்கள். மடலின் கடைசிப் பக்கம், மூன்று மாதத்துடையது. அவர் படிக்கத் தெரியாதவர்.

"இத சட்டப் பையிலியே வச்சிக்கினு இருந்தாருப்பா. தண்ணில ஊறிக் கெடந்திச்சி, வெயில்ல காய வச்சேன். எத்தினி வாட்டி படிப்பாருன்ற? ஜோஸ்பின் படிச்சிக் காட்னா. சாமி வார்த்ததான் இருக்குது. தப்பா ஒண்ணும் இல்ல." மை கலைந்த காகிதத்தைக் கையால் நீவினார். "நீ படிச்ச புள்ள. இதுல இன்னா இருக்குது, அவரு இன்னா புரிஞ்சிக்கினாரு? சொல்லேன்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் பொண்டாட்டிகிட்ட மொறச்சிக்கினாரு, அது நெசம். ஆனா அது செத்த அன்னிக்கி வூட்டுல சோறு துன்னல. நீ அந்த வண்டிக்காரனயே மன்னிச்சவன். இவர மனசுல வச்சிக்காதப்பா."

வைத்துக்கொள்ளவில்லை அக்கா என்றேன்.

அந்த ஞாயிறு பெட்டியில் ஒரு சீட்டு இருந்தது. ஜோஸ்பினின் கையெழுத்து, அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. "என் வூட்டுக்காரரு தானா உசிரு வுட்டுட்டாரு. அவர ஆண்டவரு உள்ள சேத்துக்குவாரா? அவரு இன்னா தப்பு பண்ணாரு?" இந்த மாதம் வந்த கேள்வி இது ஒன்றுதான். மற்றவற்றை நான் எடுத்து வைத்துவிட்டேன்.

ரோசம்மாள் அக்கா, பதில் இதுதான். உங்கள் வீட்டுக்காரர் ஒரு தப்பும் செய்யவில்லை. கோபித்துக்கொண்டார், வருந்தினார், மூன்று முறை கேட்டார். ஆண்டவர் சேர்த்துக்கொள்வார். அவரை ஏரிக்கு அனுப்பியது ஃபாதர் இல்லை, வேதம் இல்லை. நான். தெரிந்து, யோசித்து, நான்கு முறை திருத்தி அனுப்பினேன். மூன்று சீட்டுகளையும் இந்தப் பக்கத்தின் ஒரு பிரதியையும் காவல் நிலையத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். எழுத்தால் செய்ததற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். என்னை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பூசை முடிந்து மடல் கொடுக்கும்போது நான் வீட்டில்தான் இருப்பேன். கதவு திறந்திருக்கும்.

ஒரு விவரம் பாக்கி. முழுதாகச் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

ஜெயசித்ராவின் கைபேசி என்னிடம் இருக்கிறது. கண்ணாடி உடைந்திருந்தாலும் வேலை செய்கிறது. தினமும் சார்ஜ் போடுகிறேன். அதில் கடைசியாகப் போன அழைப்புகள் மூன்று. மூன்றும் 'சாமியாரு'வுக்கு. ஆறு முப்பத்திரண்டு, ஆறு முப்பத்தெட்டு, ஆறு ஐம்பத்தொன்று. வண்டி மோதியது ஆறு நாற்பது வாக்கில் என்று போலீஸ் சொன்னது.

என் போன் சைலன்ட்டில் இருந்தது என்று அவர்களிடம் சொன்னேன். சைலன்ட்டில் இல்லை. மேசைமேல் கையெட்டும் தூரத்தில் அடித்தது. காலையில் அவள் பேசிய பேச்சு மனதில் இருந்தது. நடந்து வரட்டும் என்று கவிழ்த்து வைத்தேன். மூன்று முறையும் அடித்து முடியும் வரைக்கும் எடுக்காமல் இருந்தேன். அந்த மாதப் பதிலில் கடைசிப் பத்தி மீதி இருந்தது. கேள்வி, 'நாம கூப்புடுறப்ப ஆண்டவரு ஏன் பதில் குடுக்க மாட்டேங்குறாரு?' பதில் நன்றாக வந்திருந்ததாகப் பலர் சொன்னார்கள்.

இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. வண்டி எப்படியும் அந்த வழியாகத்தான் வந்திருக்கும். யாரும் வேறு மாதிரி நினைக்க வேண்டாம். எனக்கும் ஜெயசித்ராவுக்கும் நடுவில் எந்த மனஸ்தாபமும் இல்லை.